சந்திரவளையம் ஆகிட்டிருக்கு

மின்சார அலுவலகத்து மீட்டர் ரீடர், கடைவீதி ஹோட்டலின் ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து ஒரு பண்டத்துக்கு ஆர்டர் கொடுத்த நாளிலிருந்து அவருக்கு வயசு ஏறவில்லை. பசிக்கவில்லை, தாடி வளரவில்லை, நகம் வெட்டுகிற வேலைகூட இல்லை. அன்றைக்கு இரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகளுக்குப் பிற்பாடு காதோரம் நரைத்தது, அவருக்கு நரைக்கவில்லை. கேட்ட பண்டம் வரவும் இல்லை. அப்படி ஒரு பண்டம் உலகத்திலேயே கிடையாது என்பது ஊருக்குத் தெரியும், ஹோட்டல் முதலாளிக்குத் தெரியும், சுவருக்கு அந்தப் பக்கம் அதே ஹோட்டலின் சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்த அவர் மனைவிக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அவருக்கும் உள்ளுக்குள் தெரிந்துதான் இருக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அவ்வளவு அறிவை அவர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

அதுவரை அந்த ஹோட்டலில் மெனு என்று தனியாக ஒரு பொருள் இருந்ததில்லை. மெனு, பரிமாறுகிறவரின் வாயில் இருந்தது. அவருக்கு ஒருமூச்சு என்று பட்டப்பெயர். ஆள் வந்து உட்கார்ந்ததும் ஈரத்துணியால் மேஜையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, நெஞ்சு நிறையக் காற்றை வாங்கிக்கொண்டு, ரொட்டியில் ஆரம்பித்து சூப்பு, பருப்பு, முட்டை, வறுத்த மீன், உருளைக்கிழங்கு என்று நடுவில் எங்கேயும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஒப்பித்து முடிப்பார். அடுப்பில் அந்த நிமிஷம் எது இருக்கிறதோ அது மட்டும்தான் அவர் வாயில் இருக்கும். மீன் தீர்ந்தால் அடுத்த மேஜைக்குப் போகும்போது மீன் இருக்காது. உருளைக்கிழங்கு அடிப்பிடித்த நாளில் 'கொஞ்சம் அடிப்பிடிச்ச உருளைக்கிழங்கு' என்று அதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவார். அப்படியும் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட ஆள் இருந்தது, ஏனென்றால் சமைத்தது சமையல்காரம்மா, அந்த மீட்டர் ரீடரின் மனைவி. அந்த ஊரில் வாயை வைத்துப் பிழைத்தவர்களில் பொய் சொல்லாதவர் ஒருமூச்சு ஒருவர்தான். அதனால்தானோ என்னவோ அவருக்கு மரியாதை கிடைக்கவில்லை.

முதலாளிக்கு இது போதவில்லை. ஏதோ வழக்கு வேலையாகப் பெரிய ஊருக்குப் போனவர், அங்கே ஒரு பெரிய ஹோட்டலுக்குள் நுழைந்துவிட்டார். தோல் அட்டை போட்ட ஒரு கார்டைக் கையில் கொடுத்துவிட்டுப் பரிமாறுகிறவன் பக்கத்தில் கைகட்டி நின்றான். முதலாளிக்கு அதில் ஒன்றுமே புரியவில்லை. கேட்கவும் மானம் இடம் கொடுக்கவில்லை. கார்டின் உச்சியில் பெரிய எழுத்தில் இருந்ததே சிறந்ததாக இருக்கும் என்று அதன்மேல் விரலை வைத்தார். அது அந்த ஹோட்டலின் பெயரும் விலாசமும். பரிமாறுகிறவன் முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல், ஆகிட்டிருக்கு சார் என்று சொல்லிவிட்டுப் போனான். முதலாளி சாயங்காலம்வரை தண்ணீரைக் குடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, மனசு நிறைந்து ஊர் திரும்பினார். இப்படி ஒரு அவமானத்தை இவ்வளவு மரியாதையாகச் செய்ய முடியும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. நம் ஹோட்டலுக்கும் தோல் அட்டை போட்ட ஒரு கார்டு வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தார்.

அச்சகக்காரரிடம் போனார். நம்மிடம் இருப்பதை எழுதினால் ஒரு பக்கம்கூட நிரம்பாது, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள் என்றார். அச்சகக்காரர் பார்த்துத்தான் செய்தார். எதிர்க்கடை நகைக்காரருடைய மாதிரிப் புத்தகமும் அந்த வாரம் அதே மேஜையில் அச்சுக்கோக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு வரி நழுவி, சூப்புக்கும் மீனுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. சந்திரவளையம், ஆர்டரின் பேரில் மட்டும். பெண்கள் காதில் மாட்டிக்கொள்கிற ஒரு வளையம் அது. கார்டு வந்த அன்றைக்குக் காலையிலேயே நகைக்காரர் தன் புத்தகத்தில் ஒரு வரியைக் காணோம் என்று தேடிக்கொண்டு வந்து, மெனுவில் அதைக் கண்டுபிடித்து, கல்லாவுக்கு முன்னால் நின்று கடைவீதிக்கே கேட்கிறாற்போல் சத்தம் போட்டுவிட்டுப் போனார். ஆகையால் யாருக்கும் தெரியாது என்று பிற்பாடு யாரும் சொல்ல முடியாது. சமையல்காரம்மா அந்த வரியைப் பேனாவால் அடித்துவிடச் சொன்னாள். வழவழப்பான தாளில் பேனாக் கோடு அசிங்கமாக இருக்கும் என்று முதலாளி மறுத்துவிட்டார். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று ஒருமூச்சு கேட்டார். அதற்குப் பதில் முதலாளியிடம் தயாராக இருந்தது.

"இல்லன்னு மட்டும் சொல்லிடாதே. ஆகிட்டிருக்குன்னு சொல்லு. மெனுங்கறது இருக்கறதைச் சொல்றதுக்கு இல்லடா. பெரிய இடம்னு காட்டறதுக்கு."

மீட்டர் ரீடரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதிகம் சொல்ல அவரிடம் விஷயம் இல்லை. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ஓடியிருக்கிற எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிற உத்தியோகம். அந்தக் காலத்து வீடுகளில் மீட்டர், சமையலறையை ஒட்டின சுவரில் இருக்கும். அவர் போகிற நேரமும் சமைக்கிற நேரமாக இருக்கும். ஆக, நாள் முழுக்க ஊரார் வீட்டு அடுப்பை மோந்து பார்ப்பதற்கு அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. எண்ணைத் தப்பாகக் குறித்தாலும் குறிப்பார், எந்த வீட்டில் என்ன கொதித்தது என்பதை மறக்கமாட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "இன்னிக்கு என்ன மெனு?" என்பார். ஊரில் முதன்முதலாக அந்த வார்த்தையை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். அலுவலகத்தில் மேலதிகாரி சொல்லக் கேட்டிருந்தார். மனைவி சொல்வாள். அவர் முகம் ஒரு பக்கமாகக் கோணும். டாக்டர் வீட்டில் இன்றைக்கு நெய்யில் வறுத்தார்கள், மர வியாபாரி வீட்டில் ஏலக்காய் போட்டார்கள் என்று ஆரம்பிப்பார். பிறகு, சொன்னதையெல்லாம் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு, உப்பு கம்மி என்று சொல்லிக் கை கழுவுவார்.

ஊரே அவள் சமையலுக்காக வரிசையில் நின்றது. கல்யாணம் வைத்தவர்கள் தேதி குறிப்பதற்கு முன்னால் அவளிடம் வந்து மெனு கேட்டார்கள். இந்த ஒரு மனிதர் வாயிலிருந்து ஒரே ஒரு நாள், நல்லா இருக்கு என்கிற ஒரு சொல் வரவேண்டும் என்று அவள் ஏங்கினாள். ஊர் மெச்சுகிறவளுக்கு உள்ளூர எவ்வளவு அற்ப ஆசை இருந்தது பாருங்கள். அந்தச் சொல்லுக்காக அவள் என்னென்னவோ செய்து பார்த்தாள். டாக்டர் வீட்டில் வறுத்ததை வறுத்தாள், மர வியாபாரி வீட்டில் போட்டதைப் போட்டாள். அன்றைக்கெல்லாம் அவர் வேறு வீட்டைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்.

கார்டு வந்த மத்தியானம் அலுவலகத்து ஆட்களோடு அவர் ஹோட்டலுக்கு வந்தார். மனைவி வேலை செய்கிற ஹோட்டலில் அவர் அதுவரை கால் வைத்ததில்லை. கார்டை விரித்து மேலிருந்து கீழாகப் படித்தார். ஒவ்வொரு பெயரையும் படித்தபோது அவர் முகம் கோணிக்கொண்டே போனது. எல்லாம் அவள் கை. நடுவில் ஒரே ஒரு பெயரைத்தான் அவர் வீட்டில் சாப்பிட்டதில்லை. "இதைக் கொண்டா. மத்ததெல்லாம் எங்க வீட்டுலயே தினம் திட்டிட்டுத் திங்கறதுதான்" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஒருமூச்சு சமையல்கட்டின் சின்ன ஜன்னலுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். கரண்டி ஒரு நிமிஷம் நின்றது. அப்படி ஒன்று இல்லை என்று போய்ச் சொல்லும்படி அவள் சொன்னாள். கல்லாவிலிருந்து முதலாளி தொண்டையைச் செருமினார். ஒருமூச்சு திரும்பிப் போய், தன் வாழ்நாளில் முதல் பொய்யை, மூச்சே வாங்காமல் சொன்னார். "ஆகிட்டிருக்கு."

கூட வந்தவர்கள் ரொட்டியும் மீனும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள். அவர் போகவில்லை. ராத்திரி கடை பூட்டும்போது உள்ளே வைத்துப் பூட்டினார்கள். மறுநாள் காலையில் அதே சட்டையில் கசங்காமல் இருந்தார். மனைவி வந்து எழுந்திருக்கச் சொன்னாள். ஆர்டர் கொடுத்துவிட்டு எழுந்து போவது நாகரிகமில்லை என்றார். மாமனார் வந்து கெஞ்சினார், மின்சார அலுவலகத்திலிருந்து ஒரு மெமோ வந்தது, மகள் பள்ளிக்கூடப் பையோடு வந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். ஆகிட்டிருக்காம்மா, சாப்பிட்டுட்டு வந்துடறேன் என்று மகளிடம் சொன்னார். அலுவலகம் நாளடைவில் மெமோ அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. அவர் போகாத வீடுகளிலிருந்து புகார் எதுவும் வராததால், ஒரு புகாரும் இல்லாத ஊழியர் என்று பதவி உயர்வு கொடுத்தது. சில வருஷம் கழித்து இன்னொன்றும் கொடுத்தது.

அவருக்கு வயசு ஏறவில்லை என்பதைக் கண்டுபிடித்தவர் முடிதிருத்துகிறவர். தொழிலில் மும்முரமான அந்த ஆள், ஒரு வாடிக்கைத் தலை ஏன் தன் கடைக்கு வருஷக்கணக்கில் வரவில்லை என்று பார்க்க ஹோட்டலுக்கே வந்து, தலையைத் தடவிப் பார்த்து, ஒரு மயிர்கூட வளரவில்லை என்று கடைவீதியில் அறிவித்தார். அடுத்த வாரத்திலிருந்து கூட்டம். முன்வழுக்கை எட்டிப்பார்த்த வக்கீல் ஒருவர் வந்து சந்திரவளையம் கேட்டார். கட்டிக்கொள்கிறேன் என்று ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுத் தேதி சொல்லப் பயந்த ஒரு வாலிபன் கேட்டான். ஜவுளிக்கடைக்காரர் மனைவி, முகம் நன்றாக இருந்த ஒரு நாள் பார்த்து வந்து கேட்டாள். வார்டு உறுப்பினர் வந்து உட்கார்ந்தார். தனக்கு வயசு நகராதபோது தன் பதவிக்காலமும் நகராது என்று வாதாடினார், அதை மறுக்க யாருக்கும் தோன்றவில்லை. எல்லாருக்கும் அது காதுவளையம் என்று தெரியும். நகைக்காரரே ஒரு நாள் வந்து, தன் கடைச் சரக்கைத் தட்டில் வைத்துக் கொடுக்கும்படி ஆர்டர் செய்துவிட்டு உட்கார்ந்தார் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது.

இவர்கள் நாள் முழுக்க என்ன செய்தார்கள் என்று கேட்பவர்களுக்கு: கார்டைப் படித்தார்கள். சந்திரவளையம் இனிப்பு என்று ஒரு கட்சியும் காரம் என்று ஒரு கட்சியும் உண்டாயிற்று. இனிப்புக் கட்சிக்கு வக்கீல் தலைவர். காரக் கட்சியில் மீட்டர் ரீடர், அனுபவஸ்தர் என்பதால், மூத்தவர். கரண்டியால் அடித்துக்கொண்டார்கள், காயம் ஆறவே இல்லை, ஏனென்றால் அவர்கள் உடம்பில் எதுவும் நகரவில்லை. ஒரு விழா மலர்கூட வெளியிட்டார்கள். அதில் வார்டு உறுப்பினர் 'மெனுவும் மனித வாழ்வும்' என்று எழுதியிருந்த கட்டுரையை அவரைத் தவிர யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. முதலாளி கூடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு குளிர்சாதன அறை கட்டி, வசதியாகக் காத்திருக்க விரும்புகிறவர்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு அங்கே உட்கார வைத்தார். சமைக்காத ஒரு பண்டத்தால் அவர் வீட்டுக்கு மாடி வந்தது. ஒருமூச்சு ஒப்பிப்பதை நிறுத்திவிட்டார். கார்டு இருக்கும்போது வாய் எதற்கு. ஒரே வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அவர் மூச்சு சுருங்கிப்போய், பிற்காலத்தில் அந்த ஒரு வார்த்தைக்கே இரண்டு தரம் இரைக்க வேண்டியதாயிற்று.

சமையல்காரம்மா மட்டும் தினமும் சமைத்தாள். உட்கார்ந்தவர்களைத் தவிர ஊரில் பசிக்கிறவர்களும் இருந்தார்கள் அல்லவா, மூட்டை தூக்குகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், பள்ளிக்கூடத்து வாத்தியார்கள். அவர்கள் அவள் சமைத்ததைச் சாப்பிட்டு, வயசாகி, பிள்ளை பெற்று, செத்தும் போனார்கள். ஒரு வார்த்தை, இல்லை என்று கூடத்தில் போய்ச் சொன்னால் புருஷன் எழுந்து வந்திருப்பார். ஏன் சொல்லவில்லை என்று ஒருமூச்சு ஒருதரம் கேட்டார். முதலில் வேலை போய்விடும் என்பதால் சொல்லவில்லை. மகளைப் படிக்கவைக்க வேண்டியிருந்தது. பிறகு, சாயங்காலம் வாசலில் நின்று மெனு கேட்க ஆள் இல்லாத வீடு எவ்வளவு நிம்மதி என்று பழகிவிட்டதால் சொல்லவில்லை. அதற்கும் பிறகு, இத்தனை வருஷமும் ஒரே நாளில் அவர் தலையில் வந்து விழுந்தால் ஆள் தாங்கமாட்டாரே என்று பயந்து சொல்லவில்லை. ஆனாலும் சமையல்கட்டு ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அந்த ஒரு சொல்லின் மேலிருந்த ஆசை அவ்வளவு எளிதில் சாகவில்லை. புது ஆட்கள் ஜன்னலைக் காட்டி, அந்த அம்மாவுடைய பிள்ளையா இவர் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இதற்குள் மெனு என்கிற வார்த்தை ஊரெல்லாம் தொற்றிக்கொண்டது. முடிதிருத்துகிறவர் சுவரில் ஒரு மெனு மாட்டினார், அதில் இல்லாத விதமாக யாரும் தலையை வெட்டிக்கொள்ளவில்லை. வைத்தியர் மாட்டினார், அதில் எழுதாத வியாதி யாருக்கும் வரவில்லை. எழுதினது எல்லாருக்கும் வந்தது. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் ஒரு மெனு வந்தது, கைப்பேசிக்குள் வந்தது, எதையாவது தேடி உள்ளே போனவர்கள் மெனுவையே பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள். மீட்டர் ரீடரின் மகளுக்கு அதிலேயே வேலை கிடைத்தது. நல்ல குரல் அவளுக்கு. கம்பெனிகளுக்கும் அலுவலகங்களுக்கும் போன் செய்தால் ஒரு பெண் பேசுவாளே, இதற்கு ஒன்றை அழுத்தவும், அதற்கு இரண்டை அழுத்தவும், காத்திருக்கவும் என்று, அந்தப் பெண் இவள்தான். கண்ணாடிப் பெட்டி போன்ற ஒரு அறையில் உட்கார்ந்து மைக்கில் சொல்வாள். அழுத்தினால் என்ன வரும் என்று ஒருநாள் மேனேஜரிடம் கேட்டாள். இன்னொரு மெனு வரும் என்றார். அதற்கு அப்புறம் என்று கேட்டாள். பெரும்பாலும் அதற்குள் ஆள் போனை வைத்துவிடுவான், அதற்குத்தானே மெனு என்றார் அவர். அவள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொல்லிச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

மீட்டர் ரீடரிடமும் ஒரு கைப்பேசி வந்து சேர்ந்திருந்தது. பதவி உயர்வுக்கான சம்பளம் கணக்கில் ஏறிவிட்டதா என்று கேட்க மின்சார அலுவலகத்துக்குப் போன் செய்வார். மகளின் குரல் வணக்கம் சொல்லும். ஒன்றை அழுத்துவார், நான்கை அழுத்துவார், முதன்மை மெனுவுக்குத் திரும்ப ஒன்பதை அழுத்தச் சொன்னால் ஒன்பதை அழுத்துவார். மத்தியானம் முழுக்க இதைச் செய்வார். நல்ல குரல், ஆனால் யாரோ வளர்க்கத் தெரியாதவர்கள் வளர்த்த பெண், சிரிப்பே இல்லை என்று பக்கத்து மேஜை வக்கீலிடம் அபிப்பிராயம் சொல்வார். மகள் கல்யாணத்துக்கு அழைப்பு கொண்டுவந்து வைத்தபோது எழுந்திருக்கவில்லை. கல்யாண மெனுவைக் கேட்டு வாங்கிப் படித்து, இனிப்பு அதிகம் என்று திருத்தி அனுப்பினார்.

மகளுக்கும் வயசாயிற்று. புருஷன் நல்லவன், ஒரு பையன் வெளியூரில் படித்தான். ஒரு காலையில் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, ரொம்பவும் மரியாதையாக, குரலில் வயசு தெரிகிறது என்றார். காத்திருக்கவும் என்று அவள் சொன்னால் இப்போதெல்லாம் கேட்கிறவனுக்கு நம்பிக்கை வருவதில்லையாம். மாசக் கடைசிவரை பார்க்கலாம் என்றார். அவள் வெளியே வந்து ஒரு கடைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள், காதோர நரையைப் பார்த்தாள். நேராக ஹோட்டலுக்கு நடந்தாள். போனது போகட்டும், இருக்கிற குரலையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அவ்வளவுதான் அவள் கணக்கு. அப்பாவின் மேஜையில் எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். வயசில் மூத்த ஒரு பெண்மணி என்று மரியாதையாக முழங்கையை ஒதுக்கிக்கொண்டார்.

"உட்காருங்கக்கா. இங்க சந்திரவளையம்தான் சொல்லணும். மத்ததெல்லாம் எங்க வீட்டுக்காரி சமைக்கிறது, வாயில வைக்க முடியாது."

மகள் உட்கார்ந்தாள். ஒருமூச்சைப் பார்த்து அதே பண்டத்தைச் சொன்னாள். சின்ன வயசில் அவளுக்கு ரொட்டியின் கருகாத பக்கத்தைப் பிய்த்துக் கொடுத்தவர் அவர். மேஜையைத் துடைத்தார். ஆகிட்டிருக்கு என்று சொல்ல வேண்டிய இடம் அது. வாய் வரவில்லை. மெதுவாக நடந்து சமையல்கட்டு ஜன்னலுக்கு வந்தார்.

"அக்கா, ஒரு சந்திரவளையம்."

"எந்தப் பைத்தியத்துக்கு?"

"நம்ம பாப்பாவுக்கு."

சமையல்காரம்மா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அப்பனும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள், தம்பியும் அக்காவும் மாதிரி. புருஷனை அந்த நாற்காலியில் அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. சொல்லப்போனால் வசதியாகவே இருந்தது. மகளை அங்கே பார்க்க முடியவில்லை. அடுப்பைத் தணித்தாள். கையிலிருந்த கரண்டியோடு, சமையல்காரர்கள் வரக்கூடாது என்று எழுதிப்போட்டிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து, நீங்க உள்ள போங்கம்மா, நான் சொல்லிக்கறேன் என்று வழிமறித்தார். கரண்டியில் இருந்த குழம்பு அவர் வெள்ளைச் சட்டையில் சொட்டும்படி அவள் கிட்டே போனதும் விலகிக்கொண்டார்.

"அது இல்ல" என்றாள் மகளிடம்.

"அப்பாவுக்கு ஆகிட்டிருக்குன்னு..."

"ஆகல. என்னிக்கும் ஆனதில்ல. அது காதுல மாட்டற வளையம். இங்க இருக்கறது உருளைக்கிழங்கு, முட்டை, ரொட்டி. பருப்பு இன்னும் கொஞ்சம் வேகணும். இதுதான் மெனு. எது வேணும், சொல்லு."

அந்தக் கூடத்தில் இல்லை என்கிற சொல்லை உரக்கச் சொல்லி யாரும் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஈரவிறகு அடுப்பில் வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. எல்லார் முழங்காலும் ஒரே சமயத்தில் முறிந்து மடங்கின சத்தம். வக்கீலுடைய தலை முடி அவர் மேஜைமேலேயே உதிர்ந்து விழுந்தது. ஜவுளிக்கடைக்காரர் மனைவி முகத்தைக் கார்டால் மூடிக்கொண்டாள். வார்டு உறுப்பினர், இதை நயமாகச் சொல்லியிருக்கலாம் என்று கண்டித்துக்கொண்டே பல் கொட்டினார். பெண்ணுக்கு வாக்குக் கொடுத்த வாலிபன் கிழவனாக எழுந்து, தேதி சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான். அந்தப் பெண்ணுக்குப் பேரன் பேத்தி இருந்தார்கள். யாரும் சாகவில்லை. செத்துப்போகிற அளவுக்குக்கூட அவர்கள் வாழ்ந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் முனகிவிட்டு, அநேகமாக எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். வேற என்ன இருக்கு?

மீட்டர் ரீடருக்கு வயசு வருவதற்கு முன்னால் பசி வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். சமையல்காரம்மா உள்ளே போய், இருந்த உருளைக்கிழங்கையும் இரண்டு ரொட்டியையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தாள். அவர் சாப்பிட்டார். வாய்க்கு வாய் நரைத்தார். ரொட்டியைப் பிய்த்தபோது கை தளர்ந்தது, உருளைக்கிழங்கை அள்ளினபோது முதுகு வளைந்தது, தட்டை வழித்தபோது கண்ணில் பூ விழுந்தது. கூடமே வேடிக்கை பார்த்தது. சமையல்காரம்மா கரண்டியோடு பக்கத்தில் நின்றாள். அவள் எதற்காக நிற்கிறாள் என்று மகளுக்குத் தெரியும், ஒருமூச்சுக்குத் தெரியும். இத்தனை வருஷப் பசிக்குப் பிறகு, இவ்வளவு ருசியாகச் சாப்பிட்ட பிறகு, அந்த ஒரு சொல் வராமல் எங்கே போகும்? அவர் தலை நிமிர்ந்தார். எதிரே நிற்பது யார் என்று அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் பிடித்தது. தெரிந்ததும் முகம் ஒரு பக்கமாகக் கோணியது.

"உப்பு கம்மி."

சமையல்காரம்மா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு கைநீட்டி, அந்த மேஜையிலேயே, அவர் முழங்கைக்குப் பக்கத்தில், கார்டு வந்த நாளிலிருந்து மூடி திறக்காமல் இருந்த உப்புக் கிண்ணத்தை எடுத்து அவருக்கு முன்னால் நகர்த்தினாள்.

"உப்பு மேஜையிலதான் இருக்கு. போட்டுக்கோங்க."

சொல்லிவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். மகள் முட்டை கேட்டாள். இரண்டு தட்டு சாப்பிட்டாள். மாசக் கடைசியில் கம்பெனி அவளை அனுப்பிவிட்டது. மறுநாள் காலையில் அவள் ஹோட்டலுக்கு வந்து, ஒருமூச்சின் தோளிலிருந்து ஈரத்துணியை வாங்கிக்கொண்டு, முதல் மேஜையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஒப்பிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு நடுவில் இரண்டு தரம் மூச்சு வாங்கியது. வயசு தெரிகிற குரல்தான். ஆனால் மீன் தீர்ந்த பிறகு அவள் வாயில் மீன் வரவில்லை, ஆகவே சாப்பிட வந்தவர்கள் குறை சொல்லவில்லை. கார்டுகளைச் சமையல்காரம்மா சூடான பாத்திரம் இறக்கிவைக்க எடுத்துக்கொண்டாள். தோல் அட்டை நன்றாகச் சூடு தாங்குகிறது என்று அவளுக்கு அதில் திருப்தி. குளிர்சாதன அறையில் இருந்தவர்களுக்கு மட்டும், கண்ணாடிக் கதவு சாத்தியிருந்ததால், அன்றைக்குச் சொன்னது கேட்கவில்லை. அவர்கள் இன்னும் இளமையாக உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். பெருக்குகிறவள் காலைத் தூக்கச் சொல்லிவிட்டு அடியில் பெருக்கிக்கொண்டு போகிறாள். முதலாளி வாரத்தில் ஒருநாள் உள்ளே போய் அவர்களோடு உட்கார்ந்து, சட்டையில் போகாத குழம்புக் கறையைக் கையால் மறைத்துக்கொண்டு, ஆகிட்டிருக்கு என்கிறார்.

மீட்டர் ரீடரை மின்சார அலுவலகம் மாலை போட்டு ஓய்வில் அனுப்பிவைத்தது. மாலையோடு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னிக்கு என்ன மெனு?" என்றார்.

சமையல்காரம்மா உள்ளே நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அடுப்பு மூட்டவே இல்லை. மகள் வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆகிட்டிருக்கு" என்றாள்.

அவர் அங்கேயே நின்றார். இன்னும் நிற்கிறார். அதற்குப் பிறகு ஒரு நரைகூடக் கூடவில்லை, மாலை வாடவில்லை. தபால்காரர் கடிதங்களை அவர் சட்டைப்பையில் போட்டுவிட்டுப் போகிறார். மழைநாளில் அம்மாவும் மகளும் வெளியிலிருந்து வந்தால், ஈரக் குடைகளை அவருடைய முழங்கையில் மாட்டிவிட்டு உள்ளே போகிறார்கள். குடை மாட்ட வசதியான உயரம்.